ஆயுதபூஜைக்குக் கழுவிய செங்கல்

என் மாமாவுக்குக் கழுவுவது என்றாலே ஆகாது. சாப்பிட்ட தட்டில் நாலு சொட்டுத் தண்ணீரை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றிக் கவிழ்த்துவிடுவார். பனியனை இரண்டு நாள் ஒரு பக்கமும் இரண்டு நாள் மறு பக்கமும் போடுவார். கொல்லிமலைக் குளிரில் தினமும் குளிக்கிறவர்களுக்கு ஆயுள் குறைவு என்பது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்து வைத்திருந்த உண்மை. அவருக்கு மூத்தவளான என் அம்மாவோ கிராம நர்ஸ். ஊர் ஊராக நடந்துபோய்த் தடுப்பூசி போடுவதும், குடிதண்ணீர்க் கிணறுகளுக்கு அளவு பார்த்துப் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவதும் அவள் வேலை. வீட்டில் கதவுக் கைப்பிடியைக்கூட வாரம் ஒருமுறை டெட்டால் போட்டுத் துடைப்பாள். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்தால்தான் புதிதாக வருகிறவர்கள் நம்புவார்கள்.

நாங்கள் மலைமேல் செம்மேட்டில் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு நாமக்கல்லில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் மலையேறி வந்து, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கிவிடுவார். ஆகவே வாரத்தில் ஐந்து நாள் நானும் அம்மாவும்தான். நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருஷம் மாமா எங்களோடு வந்து சேர்ந்தார். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் வீட்டில் நின்றுபோக எதுவும் இல்லாததால் நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

மாமா மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவர். படித்து முடித்து மூன்று வருஷத்தில் கோழிக்குஞ்சு, காளான் என்று இரண்டு தொழில் செய்து பார்த்துவிட்டார். கோழிக்குஞ்சு செத்தது. காளான் நன்றாக முளைத்தது, ஆனால் அதைத் தின்ன எங்கள் பக்கத்தில் யாரும் முன்வரவில்லை. அம்மாவின் அப்பா, என் அப்புச்சி, மலைக்குக் கீழே ராசிபுரம் பக்கத்தில் சொந்தக் காட்டில் விவசாயம் செய்தவர். பேச்சு குறைவு. சொன்னால் சொன்னதுதான். அவருடைய பங்காளி ஒருவருக்கு ரிக் வண்டி இருந்தது. போர்வெல் போடுகிற லாரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். கரை சேராத பையன்களை அதில் ஏற்றி வடக்கே அனுப்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். போனால் வருஷத்தில் ஒன்பது மாதம் வண்டியோடு வண்டியாக ஊர் ஊராக அலைய வேண்டும். மாமாவுக்கோ மலைப் பாதையில் ஏழாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் வாந்தி வந்துவிடும். ஒரு இடத்தில் உட்கார்ந்து, ஒரு பொருளையே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்குப் பிடித்த காரியம். உலகத்தில் யாருக்கு ரிக் வண்டி ஒத்துவந்தாலும் அவருக்கு ஒத்துவராது என்பது பத்து வயதான எனக்கே தெரியும்.

தீபாவளி வரைக்கும் பொறுக்கிறேன், அதற்குள் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டட்டும், இல்லாவிட்டால் வண்டியில் ஏறட்டும் என்று அப்புச்சி கெடு வைத்தார். மாமா அந்தக் கெடுவோடு மலைக்கு வந்தார். வந்தவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பையும், பைக்குள் தண்ணீரும், தண்ணீருக்குள் இருபது தங்கமீன்களும் இருந்தன.

அவர் கணக்கு இதுதான். சேலத்தில் கண்ணாடித் தொட்டி விற்கிற கடைக்காரர் ஒருவர் அவருக்குப் பழக்கம். தங்கமீன் குளிர்த் தண்ணீரில் செழிப்பாக வளரும் மீன். கீழே வெயிலில் அது வாடிப்போகிறது. மலையில் குஞ்சுகளை விரல் நீளத்துக்கு வளர்த்துக் கொடுத்தால், தீபாவளி கழிந்து தானே வந்து மொத்தமாக எடுத்துக்கொள்வதாகவும், சரியாக வந்தால் ஒவ்வொரு பருவத்துக்கும் குஞ்சு அனுப்புவதாகவும் கடைக்காரர் சொல்லியிருந்தார். கேட்ட அம்மா, காளானைவிட இது பரவாயில்லை, குறைந்தபட்சம் பார்க்க அழகாக இருக்கும் என்றாள்.

குவார்ட்டர்ஸின் பின்புறம், கட்டடம் கட்டும்போது மண் எடுத்த பள்ளம் ஒன்று இருந்தது. மாமா அதைச் சதுரமாக வெட்டி, மிச்சம் கிடந்த செங்கல்லை அடுக்கி, சிமெண்ட் பூசிக் குளமாக்கினார். எங்கள் வீட்டுச் சமையலறையளவு இருக்கும். இடுப்பளவு ஆழம். தண்ணீர் விட்டு மீனை விட்டதும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் எங்கள் வீட்டில் குளம் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். பார்க்க வந்த பிள்ளைகளுக்கு மீன் தெரியவில்லை. இரண்டே வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிட்டிருந்தது. கீரை கடைந்த சட்டியைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. உள்ளே மீன் இருக்கிறது என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை.

அங்கிருந்து தொடங்கியது மாமாவின் வடிகட்டிப் படலம். முதலில் வாரம் ஒருமுறை குளத்தை முழுக்க இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினார். ஊற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி தாங்காமல் இரண்டு மீன் மல்லாந்தன. அடுத்து, பொது ஊற்றுக்குழாயிலிருந்து ஒரு ஹோஸ் பைப்பை இழுத்து, ஒரு பக்கம் தண்ணீர் வந்து மறு பக்கம் வழிந்தோடும்படி செய்தார். எங்கள் மீன் நன்றாகக் குளித்தது. குவார்ட்டர்ஸில் மற்றவர்களால் குளிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவர்கள் வரிசையாக வந்து வாசலில் நிற்கவே, பைப்பைச் சுருட்டினார். பிறகு சேலத்துக் கடையிலிருந்து உள்ளங்கையளவு மோட்டாரும் அதன் வாயில் ஒரு பஞ்சும் வாங்கி வந்தார். அது மேஜை மேல் வைக்கிற கண்ணாடித் தொட்டிக்கு உண்டானது. எங்கள் குளத்தில் போட்டதும் ஒரே நாளில் பஞ்சு அடைத்துக்கொண்டு, மோட்டார் முனகிவிட்டு நின்றது. அப்புறம் ஒரு எண்ணெய் டின்னில் ஆற்று மணலைக் கொட்டி அதன் வழியாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். மணல் மேல் அழுக்கு தோசை மாதிரிப் படிந்து ஒரு சொட்டுக்கூட இறங்காமல் நின்றது. ஒவ்வொன்றும் தோற்றபோது அவர் முகத்தில் சோர்வு தெரிந்ததாக எனக்கு நினைவில்லை. குளக்கரையில் குந்தி உட்கார்ந்து, அடுத்தது என்ன என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் டிரம் வந்தது. நீல நிறப் பிளாஸ்டிக் டிரம், என் தோள் உயரம். கொஞ்சம் பெரிய மோட்டார் ஒன்று குளத்துத் தண்ணீரை இழுத்து டிரம்மின் அடியில் விடும். அடியில் கூழாங்கல், அதற்கு மேல் செங்கல் துண்டுகள், அதற்கு மேல் பிரித்துச் சுருட்டிய நைலான் வலை. தண்ணீர் இதையெல்லாம் கடந்து மேலேறி, வாயோரம் வைத்த குழாய் வழியாக ஒரு பலகைக்கல்லில் விழுந்து குளத்துக்குத் திரும்பும். முதலில் நடுவே அடுப்புக்கரியும் போட்டிருந்தார். ஒரு மாதத்தில் கரிக்குச் சத்துப் போய்விடும், அப்புறம் அது வெறும் கல்தான் என்று கடைக்காரர் சொன்னதால் அதை எடுத்துவிட்டார். செங்கல் துண்டுகள் ஆஸ்பத்திரி மதில் கட்டியபோது மிஞ்சியவை. ஒரு கோணியில் பொறுக்கிக் கொடுத்தது நான்.

டிரம் ஓட ஆரம்பித்ததும் தண்ணீர் தெளிந்துவிடவில்லை. ஒன்றரை மாதம் ஆகும், அதுவரை அதிக மீன் விடக்கூடாது என்றார் மாமா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சோம்பேறித்தனத்துக்கு இவன் தவணை வாங்குகிறான் என்றாள். ஆனால் அவர் சொன்னபடியே நடந்தது. செங்கல் துண்டுகள் மேல் பழுப்பாக, வழுவழுவென்று ஒரு படலம் கட்டிக்கொண்டு வந்தது. அது கட்டக் கட்டத் தண்ணீர் தெளிந்தது. ஒரு காலை நான் போய்ப் பார்த்தபோது குளத்தின் அடியில் சிமெண்ட் பூசிய கரண்டித் தடம்கூடத் தெரிந்தது. அன்றைக்கே மாமா சேலத்துக்குக் கிளம்பினார். வழியில் வாந்தி எடுத்துக்கொண்டே முந்நூறு குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்.

அந்தக் குஞ்சுகள் வளர்ந்ததைச் சொன்னால் சொல்லிக்கொண்டே இருப்பேன். வந்தபோது சாம்பல் நிறத்தில் அரிசிப்பூச்சி மாதிரி இருந்தவை, ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளாக மாறின. காலையும் மாலையும் தவிடும் கடலைப்புண்ணாக்கும் பிசைந்து நான்தான் போடுவேன். என் நிழல் விழுந்ததும் குளமே ஒரு பக்கமாக நகர்ந்து வருவதுபோல் வரும். பார்க்க ஆள் வந்தது. மலையிலேயே தள்ளியிருந்த பெரக்கரை நாட்டு ஊர்களிலிருந்து சந்தைக்கு வந்தவர்கள்கூட எட்டிப்பார்த்துவிட்டு, இதைக் குழம்பு வைக்கலாமா என்று கேட்டுப் போனார்கள். மாமா எல்லோருக்கும் பொறுமையாக விளக்கம் சொன்னார். விளக்கத்தில் அவர் அழுத்திச் சொன்னது ஒன்றுதான். வாரம் ஒருமுறை மேலே உள்ள நைலான் வலையை மட்டும் எடுத்து, குளத்துத் தண்ணீரையே வாளியில் மொண்டு, அதில் அலசிப் போட வேண்டும். செங்கல்லைத் தொடவே கூடாது. அம்மாவால் இதைத் தாங்க முடியவில்லை. அழுக்கை அழுக்குத் தண்ணீரில் அலசுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள்.

“அது அழுக்கில்லக்கா. அதுதான் தண்ணியச் சுத்தம் பண்ணுது” என்றார் மாமா.

“அழுக்கு சுத்தம் பண்ணுதாமா. உம் பனியனக் கேட்டா அதுவும் இதையேதான்டா சொல்லும்” என்றாள் அம்மா.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் வீட்டில் கழுவுவது சம்பந்தமாக மாமா சொல்லும் எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இதையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன்.

மழைக்காலம் தொடங்கியது. கரண்டு போனால் டிரம்முக்குள் இருப்பது கெட்டுவிடும் என்று, வாளியில் மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றுவோம். மாமா ஊற்றுவார், நான் ஊற்றுவேன், டியூட்டி முடிந்து வந்தால் அம்மாவும் திட்டிக்கொண்டே ஊற்றுவாள். ஒரு முறை இரண்டு நாள் கரண்டு இல்லாதபோதும் ஒரு மீனும் சாகவில்லை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அந்த வேளையில்தான் ஆயுதபூஜை வந்தது.

கீழே ரிக் வண்டிக்குப் பூஜை, மாமா கட்டாயம் வர வேண்டும் என்று அப்புச்சி சொல்லி அனுப்பியிருந்தார். ஆளைப் பார்த்துவைத்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அம்மா சொன்னாள். பூஜைக்கு முதல் நாளே மாமா கிளம்பினார். மீனுக்குத் தீனி அளவாகப் போடு, அதிகம் போட்டால் தண்ணீர் கெடும் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். டிரம்மைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதைக் கழுவ வேண்டும் என்று ஒரு மனுஷிக்குத் தோன்றும் என்பது அவருக்கு எட்டாத விஷயம்.

எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. அம்மா கேம்ப்புக்குப் போகும்போது, பூஜைக்கு வேண்டியதையெல்லாம் கழுவித் துடைத்து வை என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் வீட்டில் ஆயுதபூஜை என்றால் சாமான்களுக்குத்தான் முதல் மரியாதை. அரிவாள்மணை, கடப்பாரை, மண்வெட்டி, தையல் மிஷின், அம்மாவின் பிரஷர் பார்க்கும் கருவி, பிள்ளைகளை எடை போடும் தராசு, அப்பா விட்டுப்போன ஸ்க்ரூடிரைவர் வரை எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்கு முழுக்க எதையும் வேலை வாங்காமல் ஓய்வாக விட்டுவிடுவோம். வருஷமெல்லாம் உழைத்ததற்கு அது ஒரு நாள் லீவு. நான் ஒவ்வொன்றாகக் கழுவி வைத்துக்கொண்டே வந்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது டிரம் கண்ணில் பட்டது. அந்த வீட்டிலேயே ராத்திரி பகலாக உழைத்தது அதுதான். அதற்குமட்டும் ஒன்றும் இல்லை என்று எனக்குப் பாவமாக இருந்தது.

சுவிட்சை அணைத்தேன். ஸ்டூல் போட்டு ஏறி வலையை எடுத்தேன். செங்கல் துண்டுகளை வாளி வாளியாக வெளியே எடுத்துச் சிமெண்ட் தரையில் கொட்டினேன். ஒவ்வொன்றிலும் பழுப்புப் படலம் சளி மாதிரி ஒட்டியிருந்தது. மாமா எத்தனை மாதம் இதைக் கழுவாமல் விட்டிருக்கிறார் என்று நினைத்தபோது அருவருப்பாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவரால் முடியாததை நான் செய்யப்போகிறேன் அல்லவா. அம்மாவின் டப்பாவிலிருந்து பிளீச்சிங் பவுடரை எடுத்து, கிணற்றுக்கு அவள் கரைப்பதைப் பார்த்துப் பழகியபடி கரைத்து, தேங்காய் நார் கொண்டு ஒவ்வொரு துண்டாகத் தேய்த்தேன். டிரம்மின் உட்புறத்தையும் விடவில்லை. பிளீச்சிங் வாசனை மீனுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். நர்ஸ் மகள் இல்லையா. ஆகவே எல்லாவற்றையும் நாலு தடவை நல்ல தண்ணீரில் அலசி, தலைகாட்டிய வெயிலில் காய வைத்தேன். மத்தியானத்துக்குமேல் செங்கல் துண்டுகள் சூளையிலிருந்து வந்தவை மாதிரிச் சிவந்து கிடந்தன. அடுக்கி, வலையைச் சுருட்டி வைத்து, டிரம்மின் நெற்றிக்கு மூன்று பட்டையாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

சாயங்காலம் வந்த அம்மா டிரம்மைப் பார்த்துச் சிரித்தாள். இதுக்குமா என்றாள். மேலாக ஒரு பொட்டு வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். மறுநாள் பூஜை முடியும்வரை மோட்டாரைப் போடக்கூடாது என்று நான் சொன்னபோது, ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டாள். உள்ளே கழுவியதை நான் சொல்லவில்லை. மாமா வந்து டிரம்மைத் திறந்து பார்த்துத் தானாக ஆச்சரியப்பட வேண்டும் என்பது என் ஆசை.

பூஜைக்கு மறுநாள் மாமா வந்தார். டிரம்மின் பட்டையைப் பார்த்து அவரும் சிரித்தார். மோட்டாரைப் போட்டார். திறந்து பார்க்கவில்லை. நான் அவரையே சுற்றிச் சுற்றி வந்தேன். ரிக் வண்டிக்காரர்கள் தீபாவளி கழிந்ததும் கிளம்புகிறார்களாம், அவருக்கென்று ஒரு படுக்கை இடம்கூட ஒதுக்கிவிட்டார்களாம், ஆனால் நம் மீன் இருக்கும்போது அது நடக்காது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் லேசாக வெளுத்தது. அரிசி களைந்த தண்ணீரை யாரோ ஊற்றிவிட்டதுபோல் இருந்தது. அதற்கு மறுநாள் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது என்று நினைத்து நான் இன்னொரு பிடி தீனி போட்டேன். இதையும் சொல்லிவிடுகிறேன், எதற்கு மறைக்க வேண்டும். அன்று மத்தியானம் பத்து மீன் மிதந்தன. மறுநாள் காலை எண்ண முடியவில்லை. செவுள்கள் சிவந்து புண்ணாக இருந்தன. மாமா மழையில் நின்று குளத்தில் பாதியை இறைத்தார். கல்லுப்பு கரைத்து ஊற்றினார். தீனியை நிறுத்தினார். செத்தவற்றை நான் முறத்தில் அள்ளிக்கொண்டு போய்ச் சில்வர் ஓக் மரத்தடியில் குழி வெட்டிப் போட்டேன். அழுதுகொண்டே போட்டேன். குஞ்சு வந்த நாள் முதல் தீனி போட்டவள் நான்.

அதற்கப்புறம்தான் மாமா டிரம்மைத் திறந்தார். வலையை எடுத்தார். ஒரு செங்கல் துண்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். கட்டைவிரலால் அதன் மேல் ஒரு முறை தேய்த்தார். பிறகு அதே இடத்தில் குந்தி, அந்தத் துண்டைக் கையில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இப்போதாவது பார்த்தாரே என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். செங்கல்லைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, குளிர்கிறது, உள்ளே போ என்றார். பாராட்ட மனநிலை இல்லை என்று புரிந்துகொண்டு போய்விட்டேன்.

அந்தப் பழுப்புப் படலம் உயிருள்ளது என்பதும், கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் அதிலே குடியிருந்து மீன் கழிவின் விஷத்தைத் தின்றுதான் குளத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன என்பதும் எனக்குக் கல்லூரியில் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மத்தியானம் தெரியவந்தது. பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே எழுந்து வெளியே போய்விட்டேன். ஒன்றரை மாதம் காத்திருந்து கட்டியதை ஒரே பகலில் நான் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்திருக்கிறேன். இதை எழுதும் இந்த நிமிஷமும் எனக்கு முகம் சுடுகிறது.

அன்று சாயங்காலம் அம்மாவும் மாமாவும் சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் டப்பா திறந்தபடி மேடையில் இருந்தது. நான் கதவருகே நின்று கேட்டேன்.

“அப்பாகிட்ட உள்ளதச் சொல்லீர்றா. இன்னொரு வருசம் குடுப்பாரு” என்றாள் அம்மா.

“அவருக்குச் சொன்னா அம்மிணிக்கும் தெரிஞ்சுரும்க்கா. அது எத்தன நாளைக்கு அழுகும்” என்றார் மாமா.

அம்மிணி என்பது நான்தான். தீபாவளிக்கு எனக்கு எடுத்த பாவாடைத் துணியில்தான் ஏதோ கோளாறு, சாயம் போகிறதோ என்னவோ, அதை மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். கேட்காததுபோல் திரும்பிவந்து பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு அப்புச்சி மலையேறி வந்தார். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் போய்க் குளத்தைப் பார்த்தார். பதினோரு மீன் மிஞ்சியிருந்தன. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மாமா கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். அம்மா கதவில் சாய்ந்திருந்தாள். நான் அப்புச்சியின் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“என்ன சாமி ஆச்சு?” என்றார் அப்புச்சி. கோபமே இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

“கரண்டு போயிருச்சுங்கப்பா. மழையில மூணு நாளு வரல. மோட்டாரு ஓடாம தண்ணி கெட்டுப்போச்சுங்க.”

மூன்று நாள் கரண்டு போகவில்லை. போயிருந்தாலும் நாங்கள் வாளியால் ஊற்றியிருப்போம். மாமா தப்பாகச் சொல்கிறார் என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புச்சி மறுபடி குளத்தை எட்டிப் பார்த்தார்.

“மலையில கரண்டு போறது இன்னிக்கு நேத்தா?” என்றார். “கைத்தப்புன்னா திருத்திக்கிட்டு இன்னொருக்காப் பாருன்னு நானே சொல்லுவேன். கரண்டுன்னா நீயும் நானும் என்னத்தப் பண்றது?”

மாமா தலையை ஆட்டினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மோட்டார் நின்றது பூஜைக்கு ஒரே ஒரு நாள்தான், டிரம்மை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தோம் தெரியுமா, மாமா மேல் எந்தத் தப்பும் இல்லை, நானே கழுவினேன் என்று சொல்லி அவரைக் காப்பாற்ற நினைத்தேன். “அப்புச்சி, நாந்தானுங்க...” என்று வாயெடுத்தேன்.

“அம்மிணி, அப்புச்சிக்குத் தண்ணி கொண்டா” என்றார் மாமா.

கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அம்மா என்னைக் கடைக்குச் சர்க்கரை வாங்க அனுப்பினாள். வீட்டில் சர்க்கரை இருந்தது. நான் திரும்பி வருவதற்குள் பேச்சு முடிந்திருந்தது. அப்புச்சி செருப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

மாமா ரிக் வண்டியில் பதினாறு வருஷம் இருந்தார். முதல் இரண்டு வருஷம் வாந்தி நிற்கவில்லையாம். இரைச்சலில் வலது காது போய்விட்டது. இப்போது அவர் குடும்பத்தோடு ராசிபுரத்தில் இருக்கிறார். ஒரு முறை அவர் வீட்டுக்குப் போனபோது, இத்தனை வருஷம் மனதில் கிடந்ததைச் சொல்லிவிடுவது என்று, நல்ல காது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து, ஆயுதபூஜைக்கு அந்தச் செங்கல்லை என்று ஆரம்பித்தேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடி, காபி சூடு ஆறுகிறது, முதலில் குடி என்றார். நான் இரண்டாம் முறை சொன்னேன். என்ன சொல்கிறாய், இந்தக் காதும் மங்கிவிட்டது என்றார். பக்கத்து அறையிலிருந்து அத்தை மெதுவாகக் கூப்பிட்டதற்கு மட்டும் உடனே பதில் சொன்னார்.

அவர் கிளம்பிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் காலை. செம்மேடு பஸ் ஸ்டாண்டில் பஸ் புகை கக்கிக்கொண்டு நின்றது. அம்மாவுக்கு டியூட்டி. நான் மட்டும் வழியனுப்பப் போயிருந்தேன். மாமா ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தார். அப்பா கொடுத்த பழைய ஸ்வெட்டர் போட்டிருந்தார். மீனுக்குத் தீனியைக் குறைத்துப் போடு என்றார், நன்றாகப் படி என்றார். பஸ் நகர ஆரம்பித்தபோது ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் தலையில் வைத்தார்.

“செங்கல்ல நல்லாத்தான் தேச்சிருந்த அம்மிணி. ஒரு பொட்டு அழுக்கில்ல” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே காத்திருந்தேன். கடைசிவரை கவனிக்கவே இல்லை என்று நினைத்தவர் கவனித்திருக்கிறார். அதுவும், கழுவுவது என்றாலே ஆகாத மாமா. பஸ் திரும்பி மறைந்ததும் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். அம்மா அப்போதுதான் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். மூச்சு வாங்க, மாமா என்னைப் பாராட்டினார் என்று, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா பையை இறக்கி வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

தம்பி ஊருக்குப் போனதற்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளைத் தேற்ற வேண்டும்போல் இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

“அழுவாதம்மா. மாமா வர்றதுக்குள்ள எல்லாத்தையும் நான் மறுபடியும் நல்லாக் கழுவி வெச்சர்றேன்” என்றேன்.